சிறைப்பட்ட பெண்ணின் தப்பித்தல்: மர்மப் புதினத்தில் துப்பும் நம்பகத்தன்மையும்

ஆய்வுச் சுருக்கம்

மர்மப் புனைவுகளில் அடைத்துவைக்கப்பட்ட பெண் தப்பிச்செல்லும் நிகழ்ச்சி பெரும்பாலும் கதையின் திருப்புமுனையாக அமைகிறது. அந்நிகழ்ச்சியை வாசகர் ஏற்பதும் மறுப்பதும், அதற்கு முன்னரே கதையில் இடம்பெற்ற துப்புகளைப் பொறுத்தனவாகும். வில்கி காலின்ஸ் எழுதிய 'தி வுமன் இன் ஒயிட்' (வெள்ளுடைப் பெண்) என்னும் ஆங்கிலப் புதினத்தில் இடம்பெறும் இரு தப்பித்தல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆர்தர் கோனன் டாயிலின் 'காப்பர் பீச்சஸ்' சிறுகதை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. மதிலைக் கடப்பதற்கான துப்புகள் வேறு, பெயரை மீட்பதற்கான துப்புகள் வேறு என்பதும், இவ்விருவகைத் துப்புகளும் சிறைப்பட்ட பெண்ணின் சொல் சான்றாக ஏற்கப்படாத இடத்திலேயே தேவைப்படுகின்றன என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மர்மப் புதினம், துப்பு, நம்பகத்தன்மை, சிறைப்பட்ட பெண், வில்கி காலின்ஸ், மனநோய்க் காப்பகம், அடையாளம்.

முன்னுரை

பூட்டிய அறை, உயர்ந்த மதில், விழிப்பான காவல் ஆகியவற்றைக் கதையாசிரியர் எவ்வளவு வலிமையாகச் சித்திரிக்கிறாரோ, அவ்வளவு கடினமாகிறது அவற்றிலிருந்து ஒருத்தியை வெளியே கொண்டுவரும் பணி. காவல் எளிதாயின் அச்சம் பிறவாது. காவல் முழுமையாயின் தப்பித்தல் நம்பத்தக்கதாகாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைத் துப்புகளே அமைத்துத் தருகின்றன.

துப்பு என்பது, பின்னர் நிகழவிருக்கும் ஒன்றுக்குக் காரணமாகவோ முன்னர் நிகழ்ந்த ஒன்றுக்குச் சான்றாகவோ கொள்ளத்தக்க வகையில் கதையில் இடம்பெறும் செய்தி என இக்கட்டுரையில் பொருள்கொள்ளப்படுகிறது. தப்பித்தல் எவ்வாறு இயன்றது என்பதை விளக்குவது 'வழித்துப்பு' எனவும், தப்பியவள் யார் என்பதை நிறுவுவது 'சான்றுத்துப்பு' எனவும் இங்குப் பகுத்துக்கொள்ளப்படுகின்றன.

நம்பகத்தன்மை: நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

நிகழ இயலாததாயினும் நம்பத்தக்கதாகத் தோன்றுவதை, நிகழ இயன்றதாயினும் நம்பத்தகாததாகத் தோன்றுவதைவிடக் கவிஞர் விரும்பவேண்டும் என்பது அரிஸ்டாட்டிலின் கருத்து. தொல்காப்பிய அகத்திணையியல் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டையும் இணைத்தே புலனெறி வழக்கத்தை விளக்குகிறது. இவ்விணைப்பை மர்மப் புதினத்திற்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரே தோற்றமுடைய இரு பெண்கள், இடம் மாற்றப்பட்ட பெயர்கள், நள்ளிரவுச் சந்திப்பு ஆகியன நாடக வழக்கின்பாற்பட்டவை. செவிலியின் ஊதியம், மருத்துவரின் சான்றிதழ், வண்டிக்காரரின் பதிவேடு ஆகியன உலகியல் வழக்கின்பாற்பட்டவை. முன்னவை கதைக்கு ஈர்ப்பைத் தருகின்றன. பின்னவை அவ்வீர்ப்பை வாசகர் நம்புமாறு தாங்கி நிற்கின்றன.

புதினமும் காலப் பின்னணியும்

'தி வுமன் இன் ஒயிட்' 1859 நவம்பர் முதல் 1860 ஆகஸ்டு வரை சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் தொடராக வெளிவந்தது. 1860இல் மூன்று தொகுதிகளாக நூலுருப் பெற்றது. செல்வக் குடும்பத்துப் பெண்ணான லாரா ஃபேர்லியை அவளது உடைமைக்காக மணக்கிறான் சர் பெர்சிவல் கிளைடு. அவனும் அவனுடைய நண்பன் கவுண்ட் ஃபாஸ்கோவும், லாராவைப் போன்ற தோற்றமுடைய ஆன் கேத்தரிக் என்னும் நோயுற்ற பெண்ணை லாராவின் பெயரில் ஒரு வீட்டில் தங்கவைக்கின்றனர். அவள் இறந்ததும் லாரா இறந்ததாகவே பதிவாகிறது. உயிரோடிருக்கும் லாராவோ ஆன் கேத்தரிக் என்னும் பெயரில் தனியார் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள்.

இச்சூழ்ச்சி அக்கால வாசகருக்கு முற்றிலும் அயலானதன்று. புதினத் தொடர் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1858இல், எழுத்தாளரும் அரசியலாளருமான எட்வர்டு புல்வர் லிட்டனின் மனைவி ரோசினா, கணவரின் ஏற்பாட்டால் தனியார் காப்பகத்தில் அடைக்கப்பட்டுச் சில வாரங்களில் விடுவிக்கப்பட்டார். அச்செய்தி நாளிதழ்களில் பெரிதும் பேசப்பட்டது. 1859இல் மனநோயாளர் தொடர்பான சட்டங்களை ஆராய இங்கிலாந்து நாடாளுமன்றம் தெரிவுக்குழு அமைத்தது. காலின்ஸ் இப்புதினத்தைக் காணிக்கையாக்கிய பிரயன் புரோக்டர், மனநோய்க் காப்பகங்களை மேற்பார்வையிடும் ஆணையர்களுள் ஒருவராவார். அடைத்துவைத்தலை வாசகர் நம்புவதற்கான உலகியல் தளம் இவ்வாறு முன்னரே அமைந்திருந்தது. விடுபடுதலை நம்பச்செய்வதே ஆசிரியருக்கு எஞ்சிய பணியாயிற்று.

முதல் தப்பித்தல்: ஆன் கேத்தரிக்

கதைத் தொடக்கத்தில் ஓவிய ஆசிரியனான வால்டர் ஹார்ட்ரைட், இலண்டனை நோக்கி நடந்துவரும்போது நள்ளிரவுச் சாலையில் வெள்ளாடை அணிந்த ஒரு பெண்ணைச் சந்திக்கிறான். அவளுக்கு வழிகாட்டி வண்டியேற்றி அனுப்புகிறான். அதன் பின்னரே, காப்பகத்திலிருந்து தப்பிய வெள்ளாடைப் பெண்ணைத் தேடிவரும் இருவர் காவலரிடம் வினவுவதைக் கேட்கிறான். நிகழ்ச்சி முன்னும் விளக்கம் பின்னுமாக அமைந்த இவ்வைப்புமுறையால், தப்பித்தல் எவ்வாறு நிகழ்ந்தது என்னும் வினா உடனே எழுவதில்லை.

அவ்வினாவுக்கு ஆன் பின்னர் ஹார்ட்ரைட்டிடம் விடை தருகிறாள். தான் அமைதியாகவும் பணிவாகவும் எளிதில் அஞ்சுபவளாகவும் இருந்ததால் மற்றவர்களைப் போலத் தன்மீது ஐயம் கொள்ளவில்லை என்கிறாள். வெளியேறுவதைவிட இலண்டனுக்கு வழி காண்பதே தனக்குக் கடினமாக இருந்தது எனவும் கூறுகிறாள். காவல் முறையின் குறை இங்குச் சாவியிலோ மதிலிலோ இல்லை; பணிவை நலத்தின் அறிகுறியாகக் கொள்ளும் காப்பகத்தின் மனப்பாங்கில் இருக்கிறது. எந்தப் பண்பைக் காப்பகம் வேண்டியதோ அதுவே வெளியேறும் வழியாகிறது. இவ்விளக்கம் சுருக்கமானதாயினும் ஆன் என்னும் மாந்தரின் இயல்போடு முரண்படாததால் ஏற்புடையதாகிறது.

இத்தப்பித்தல் கதைக்குள் மற்றொரு பயனையும் தருகிறது. ஒருமுறை தப்பியவள் மீண்டும் கொண்டுவரப்படுவது இயல்பே என்னும் எண்ணத்தைக் காப்பகத்தாருக்கும் வாசகருக்கும் ஏற்படுத்துகிறது. ஃபாஸ்கோ லாராவை 'ஆன்' எனக் கொண்டுவந்து ஒப்படைக்கும்போது கதவு எளிதில் திறப்பதற்கு முதல் தப்பித்தலே காரணமாகிறது.

அடைப்பு உருவாக்கும் சான்று

ஆனுக்கும் லாராவுக்கும் இடையிலான ஒப்புமை கதையில் மூன்று நிலைகளில் நிறுவப்படுகிறது. லிமெரிட்ஜ் மாளிகையில் நிலவொளியில் வெள்ளாடையுடன் உலவும் லாராவைக் காணும் ஹார்ட்ரைட் அவ்வொப்புமையை முதலில் உணர்கிறான். துயரம் லாராவின் முகத்தில் தன் தடத்தைப் பதிக்குமாயின் இருவருக்கும் வேறுபாடே இராது என அவன் பின்னர் எண்ணுவது இரண்டாம் நிலை. இருவரும் ஒரே தந்தையின் மக்கள் என்பது பிற்பகுதியில் வெளிப்படுவது மூன்றாம் நிலை.

இவற்றுள் இரண்டாம் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. காப்பகத்தில் அடைபட்டபின் லாராவின் முகத்தில் துயரம் பதிகிறது. குறையாக இருந்த ஒப்புமை நிறைவடைகிறது. மீண்டும் வந்த நோயாளியிடம் சில மாற்றங்களைக் காப்பகத் தலைவர் காண்கிறார்; அவற்றையும் நோயின் விளைவெனவே விளக்கிக்கொள்கிறார். உடைகளில் பொறிக்கப்பட்ட ஆன் கேத்தரிக்கின் பெயரைச் செவிலி லாராவிடமே காட்டி, அவள் கூற்றைப் பொய்யாக்குகிறாள். அடைத்துவைத்தல் தனக்கு வேண்டிய சான்றைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நான் லாரா என அவள் கூறும் ஒவ்வொரு முறையும் அவளது நோய்க்கு மேலும் ஒரு சான்றாக எண்ணப்படுகிறது.

இரண்டாம் தப்பித்தல்: லாரா

லாராவின் தப்பித்தலை நம்பத்தக்கதாக்கும் வழித்துப்புகள் மூன்று.

முதலாவது, சூழ்ச்சியாளரின் முன்னெச்சரிக்கை. ஆன் கேத்தரிக் மீண்டும் காப்பகத்தில் சேர்க்கப்பட்டாள் என்றும், தன்னை லேடி கிளைடு எனக் கூறிக்கொள்வதே அவளது புதிய மனமயக்கம் என்றும் ஃபாஸ்கோ லாராவின் சிற்றப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறான். லாரா எழுதக்கூடிய எந்த மடலையும் முன்கூட்டியே மதிப்பற்றதாக்குவது அவனது நோக்கம். ஆனால் அதே செய்திதான் லாராவின் தமக்கை மேரியன் ஹால்கத்தைக் காப்பகத்திற்கு அழைத்துச்செல்கிறது. ஆனைக் காணச் சென்றவள் அங்கே லாராவைக் காண்கிறாள். மீட்பவரை நற்பேறு அழைத்துவராமல் பகைவனின் மிகையான கவனமே அழைத்துவருவதால் அச்சந்திப்பு தற்செயல் என்னும் குறையிலிருந்து நீங்குகிறது.

இரண்டாவது, செவிலியின் வாழ்க்கைநிலை. அவள் விரைவில் மணம்புரிய விரும்புபவள்; தொழில் தொடங்கத் தேவையான பொருளைச் சேர்த்துவருபவள். மேரியன் தன் சிறு சேமிப்பு முழுவதையும் பணமாக்குகிறாள். அத்தொகை 700 பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதில் 400 பவுனைச் செவிலிக்கு அளிக்கிறாள். செவிலி இழக்கவிருக்கும் வேலைக்கும் ஏற்கவிருக்கும் இடருக்கும் ஈடாகவே அத்தொகை பேசப்படுகிறது. வெறும் இரக்கத்தால் செவிலி இசைந்தாள் எனக் காட்டியிருந்தால் வாசகர் ஐயுற்றிருப்பர். வெறும் பேராசையால் இசைந்தாள் எனக் காட்டியிருந்தால் அவள் பின்னர்க் காட்டிக்கொடுக்கலாம் என அஞ்சியிருப்பர். திருமணம், தொழில், எதிர்காலம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு தனிமனுசியாக அவளைப் படைத்ததால் இவ்விரு ஐயங்களும் தவிர்க்கப்படுகின்றன.

மூன்றாவது, பொய்த்தடம். ஹாம்ப்ஷயருக்குச் செல்லும் வழியைப் பற்றி 'ஆன்' அண்மையில் கேட்டுக்கொண்டிருந்தாள் எனச் செவிலி முன்கூட்டியே மற்றவர் செவிபடக் கூறிவைக்கிறாள். லேடி கிளைடு எனத் தன்னைக் கருதும் நோயாளி கிளைடு மாளிகையை நோக்கியே ஓடுவாள் என்பது காப்பகத்தாருக்கு இயல்பான முடிவு. அவளுக்கு மனமயக்கம் உண்டு என்னும் அவர்களது நம்பிக்கையே அவர்களைத் தவறான திசைக்குத் திருப்பப் பயன்படுகிறது. இதனால் கிடைக்கும் கால இடைவெளியின் மதிப்பை அக்காலச் சட்டத்தோடு சேர்த்து நோக்கவேண்டும். 1845ஆம் ஆண்டு மனநோயாளர் சட்டப்படி, தப்பிய நோயாளியை 14 நாள்களுக்குள் பிடித்தால் புதிய ஆணையோ சான்றிதழோ இன்றியே மீண்டும் அடைக்கலாம். பொய்த்தடத்தால் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் சட்ட நோக்கிலும் பொருளுடையதாகிறது.

அதே சட்டம் மற்றொரு துப்பையும் விளங்கச்செய்கிறது. தனியார் காப்பகத்தில் ஒருவரை நோயாளியாகச் சேர்க்க, தனித்தனியே ஆய்ந்த இரு மருத்துவர்களின் சான்றிதழ்கள் வேண்டும். இலண்டன் வீட்டில் அயலார் இருவர் ஒருவர்பின் ஒருவராக வந்து, விந்தையான கேள்விகளைக் கேட்டு, வியப்போடு தன்னை நோக்கியதாக லாரா நினைவுகூர்கிறாள். அவர்கள் தன்னைப் பெயர்சொல்லி அழைத்ததாக அவளுக்கு நினைவில்லை. குழம்பிய மனத்தின் சிதறிய நினைவாகத் தோன்றும் இது, சட்டத்தை அறிந்த வாசகருக்கு இரு சான்றிதழ்கள் பெறப்பட்ட முறையாகத் தெளிவுறும். பெயர் சொல்லப்படாமையே பெயர்மாற்றத்தின் துப்பாகிறது.

மதிலைக் கடத்தலும் பெயரை மீட்டலும்

இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னரும் தப்பித்தல் நிகழ்ச்சி புதினத்தில் சுருக்கமாகவே கூறப்படுகிறது. செவிலி லாராவுடன் மதிலோரம் வருகிறாள். மேரியன் அவளை அழைத்துச்செல்கிறாள். துரத்தலோ போராட்டமோ இல்லை. கதையின் அழுத்தம் வேறிடத்தில் உள்ளது என்பதை இச்சுருக்கம் உணர்த்துகிறது.

மதிலைக் கடந்த லாராவை அவளுடைய சிற்றப்பாவே அடையாளம் காண மறுக்கிறார். இறப்புச் சான்றிதழும் கல்லறையும் அவளுக்கு எதிராக நிற்கின்றன. வழக்கு நிற்காது எனக் கூறும் வழக்கறிஞர் கைர்ல், ஒரே ஒரு வழியைச் சுட்டுகிறார்: சான்றிதழில் உள்ள இறப்பு நாளுக்கும் லாரா இலண்டனுக்குப் பயணமான நாளுக்கும் இடையே முரண் இருப்பதாக நிறுவினால் நிலைமை மாறும். ஆனால் அந்நாள் யாருடைய நினைவிலும் இல்லை. மேரியன் காய்ச்சலில் கிடந்தாள். அவளது நாட்குறிப்பு இடையிலேயே நின்றுவிட்டது. மாளிகைப் பொறுப்பாளரான மிசஸ் மைக்கேல்சன் நாளைக் குறித்துவைக்கவில்லை. லாராவின் நினைவு மருந்தாலும் அதிர்ச்சியாலும் சிதைந்தது. மூவரின் மறதிக்கும் தனித்தனிக் காரணம் காட்டப்படுவதால் நாள் மறைந்தமை செயற்கையாகத் தோன்றவில்லை.

இறுதியில் சான்றுத்துப்பு பெண்களின் நினைவிலிருந்து வரவில்லை. ஹார்ட்ரைட்டின் கட்டாயத்தால் ஃபாஸ்கோ எழுதித்தரும் வாக்குமூலம், அவன் ஒப்படைக்கும் பெர்சிவலின் கடிதம், வாடகை வண்டிக்காரரின் பதிவேடு ஆகிய ஆவணங்களிலிருந்தே வருகிறது. 'லேடி கிளைடு' இறந்தது ஜூலை 25. லாரா இலண்டன் வந்தது ஜூலை 26. இறந்த மறுநாள் ஒருத்தி தொடர்வண்டியில் வந்திறங்க முடியாது என்னும் எளிய கணக்கே அவளை உயிருடன் இருப்பவளாக ஆக்குகிறது. அதன் பின்னரே கல்லறைமேல் பொறித்த பொய்யெழுத்து அழிக்கப்படுகிறது.

இக்கதைக்கு மூலமாக ஆய்வாளர்கள் சுட்டும் பிரெஞ்சு வழக்கும் இவ்வேறுபாட்டையே காட்டுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதாம் தெ துவோ என்னும் பெண் வேறு பெயரில் பாரிசின் சால்பெத்ரியேர் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து வெளிவந்த அவரால் தம் சட்டப்படியான அடையாளத்தை இறுதிவரை மீட்க இயலவில்லை.

நாள்பிழையும் திருத்தமும்

கதை முழுவதும் ஒரு நாளை மையமாகக் கொண்டிருக்க, அந்நாள்களிலேயே ஆசிரியர் பிழை செய்திருந்தார். 1860 அக்டோபரில் 'தி டைம்ஸ்' நாளிதழில் வெளிவந்த மதிப்புரை, கதையில் தரப்பட்டுள்ள குறிப்புகளைக் கணக்கிட்டால் லாரா ஆகஸ்டு மாதம் 9 அல்லது 10ஆம் நாளுக்கு முன் மாளிகையை விட்டுப் புறப்பட்டிருக்க முடியாது எனச் சுட்டியது. அவ்வாறாயின் கதையின் சான்றுக் கட்டமைப்பே குலைந்துபோகும். மதிப்புரையாளர் கூறியது சரியே எனக் காலின்ஸ் பதிப்பாளருக்கு எழுதிய மடலில் ஒப்புக்கொண்டார்; 1861ஆம் ஆண்டுப் பதிப்பில் நாள்களைத் திருத்தினார்.

இப்பிழை தொடரின் வார வாசகர்களையோ நூலின் முதல் வாசகர்களையோ தடுத்து நிறுத்தவில்லை. படிக்கும்போது உணரப்படும் நம்பகத்தன்மை, முன்பின் தொடர்பால் அமைவது. கணக்கிட்டுச் சரிபார்க்கப்படும் நம்பகத்தன்மை, உண்மைகளின் பொருத்தத்தால் அமைவது. பிற வகைப் புதினங்களுக்கு முதலாவது போதுமானது. சான்றுகளை வரிசைப்படுத்தி வாசகரை நீதிபதியாக அமர்த்தும் மர்மப் புதினம் இரண்டாவதற்கும் விடைசொல்லக் கடமைப்பட்டது. காலின்சின் திருத்தம் அக்கடமையை ஏற்றதன் அடையாளமாகும்.

ஒப்பீடு: 'காப்பர் பீச்சஸ்'

1892இல் 'தி ஸ்டிராண்ட்' இதழில் வெளிவந்த 'காப்பர் பீச்சஸ்' சிறுகதையில் ஆலிஸ் ரூகாசில் என்னும் பெண்ணைத் தந்தையே வீட்டின் ஒரு பகுதியில் அடைத்துவைக்கிறார். அவளுக்கு மாற்றாகச் சாளரத்தருகே அமர்த்தப்படும் வயலட் ஹண்டர், வெட்டச் சொன்ன கூந்தல், அணியச் சொன்ன நீல உடை, பூட்டிய பகுதி ஆகிய துப்புகளை ஷெர்லாக் ஹோம்சிடம் கூறுகிறார். ஆலிஸ் அடைபட்டிருப்பதை ஹோம்ஸ் சரியாக ஊகிக்கிறார். ஆனால் அறையைத் திறக்கும்போது அது வெறுமையாக இருக்கிறது. கூரைச் சாளரத்தில் ஏணி சாய்ந்திருக்கிறது. தந்தையே திரும்பிவந்து மகளைக் கடத்திச்சென்றார் என ஹோம்ஸ் முடிவுசெய்கிறார். அது தவறு. ஆலிஸின் காதலர் ஃபௌலர் பணியாள் டோலரின் மனைவியைப் பொருள் கொடுத்து இசைவித்திருந்தார். டோலருக்கு மதுவும் ஃபௌலருக்கு ஏணியும் கிடைக்க அவளே வழிசெய்திருந்தாள்.

இருகதைகளிலும் பூட்டைத் திறப்பது பணிமகளின் இசைவே. அடைத்துவைத்தல் என்பது கூலிக்குச் செய்யப்படும் வேலை. அவ்வேலையைச் செய்பவருக்குத் தனித்தேவைகள் உண்டு. இவ்வுலகியல் உண்மையை இருவரும் வழித்துப்பாக்கியுள்ளனர். ஆனால் காலின்ஸ் செவிலியின் நிலையைத் தப்பித்தலுக்கு முன் விளக்குகிறார். டாயில் டோலர் மனைவியின் பங்கைத் தப்பித்தலுக்குப் பின் வெளிப்படுத்துகிறார். டோலரின் குடிப்பழக்கம் முன்னரே காட்டப்பட்டிருப்பதால் பின்விளக்கமும் ஏற்புடையதாகிறது. துப்பறிவாளரும் பிழைபடலாம் என்னும் வியப்பு அதனால் கூடுதலாகக் கிட்டுகிறது.

முடிவுரை

இருகதைகளுக்கும் பொதுவான மற்றொன்றும் உண்டு. ஆலிஸ் தன் கதையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. நீதிமன்றச் சாட்சியங்களைப் போலப் பலர் கூற்றாக அமைந்த காலின்சின் புதினத்தில் லாராவுக்குத் தனிக்கூற்று இல்லை. அவள் அடைபட்டிருந்த நாள்களை ஹார்ட்ரைட்டே தன் சொற்களில் சுருக்கிக் கூறுகிறான். ஆனும் லாராவும் தாம் யார் என்பதையும் தமக்கு நேர்ந்ததையும் தொடக்கத்திலிருந்தே கூறிவந்தனர். அவர்களது சொல் ஏற்கப்பட்டிருந்தால் கடிதமும் பதிவேடும் தேவைப்பட்டிரா. பெண்ணின் சொல்லுக்கு உலகியலில் மதிப்பில்லாத இடத்தில்தான் துப்புகளுக்கு மதிப்பு உண்டாகிறது. காலின்ஸ் அந்நிலையை நியாயப்படுத்தவில்லை. அதன் இயக்கத்தை ஆவணந்தோறும் காட்டியுள்ளார்.

ஆகவே, மர்மப் புனைவுகளில் இடம்பெறும் இத்தகைய தப்பித்தல்களை ஆராய்வோர், காவலின் குறை எங்கே முன்னரே காட்டப்பட்டது, உதவியவருக்கு உதவுவதற்கான காரணம் என்ன, துரத்துபவர் ஏன் தவறினர் என்னும் வழித்துப்பு வினாக்களோடு நின்றுவிடலாகாது. வெளியே வந்தபின் அவளை அவளாக ஏற்கச்செய்தது எது, அவளது சொல்லா, பிறர் வைத்திருந்த தாளா என்னும் வினாவையும் எழுப்பவேண்டும். ஒரு புனைவில் தப்பித்தல் எந்த அளவுக்கு முழுமையானது என்பதை இவ்விறுதி வினாவுக்கான விடையே உணர்த்தும்.